புளிச்சோற்றில் ஒரு லாட ஆணி

ஷெஃபீல்டு, இங்கிலாந்து
12 ஏப்ரல் 1964

சேரப்பணஞ்சேரி மேட்டுத் தெருவில் எல்லப்பன் மாமா வீட்டில் இருக்கும் என் மரியாதைக்குரிய அக்கா அம்சவல்லிக்கு, தம்பி ரகுபதி கும்பிட்டு எழுதுவது.

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள், காளைகள் இரண்டும் நலமாக இருக்கும், பம்புசெட்டு மட்டும் நலமாக இருக்காது என்று நம்புகிறேன். நான் நலமா என்பதைக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதுவதுதான் முறை. அது எனக்கே இன்னும் முடிவாகத் தெரியாததால், முழுவதையும் படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வந்துகொள்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைத் தபால்காரர் தசரதனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. போன தடவை எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அவர் டீக்கடையில் வைத்து உரக்கப் படித்து, சாயங்காலத்துக்குள் எனக்குக் காச நோய் என்று படப்பை வரைக்கும் பரவி, ஒரகடத்தில் மாடுகளுக்கு லாடம் அடிக்கும் மண்ணாங்கட்டி ஓடிவந்து உன்னிடம் துக்கம் விசாரித்ததாக மாமா, தேவநாதன் வாத்தியாரைக் கொண்டு எழுதியிருந்தார். நீ மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தால் உனக்கு வரும். அதற்காகத்தான் ஒவ்வொரு எழுத்தையும் கொட்டைப்பாக்கு அளவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு படி.

அடுத்து, ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். 'தினமும் சாம்பார், ரசம், ஒரு பொரியல் என்று நானே சமைத்துச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே' என்று ஒன்றரை வருஷமாக எழுதிவந்தேன் அல்லவா? அக்கா, நான் ஒன்றரை வருஷமாக உருளைக்கிழங்கு தின்கிறேன். வேகவைத்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு, நேற்று மசித்ததை இன்று வறுத்த உருளைக்கிழங்கு. நான் குடியிருக்கும் வீட்டுக்காரி ஹாரிஸ் அம்மாள் நல்லவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியை எனக்கு விட்டுத் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். முதல் ஞாயிறு சோறு வடித்தேன். இங்கே கிடைப்பது பாயசத்துக்குப் போடுகிற குட்டை அரிசி. அது குழைந்த குழைவுக்கு அதை வைத்துத் தேர்தல் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். இரண்டாவது ஞாயிறு, நீ பார்சலில் அனுப்பிய பெருங்காயத்தை எண்ணெயில் போட்டேன். ஹாரிஸ் அம்மாள் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, கேஸ் கசிகிறது என்று ஆள் அனுப்பிவிட்டாள். கேஸ் கம்பெனிக்காரர் பெட்டியும் கையுமாக வந்து, சுவரோரம் குழாயை முகர்ந்துகொண்டே நகர்ந்து, கடைசியில் என் தட்டுக்கு வந்து சேர்ந்தார். தட்டை முகர்ந்தார். என்னை இரக்கமாகப் பார்த்தார். "இது கசிவு இல்லை அம்மா, சாப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு என் சமையல் நின்றது. அந்தப் பூனை இன்றைக்கும் நான் வரும் வழியில் வராது.

இப்படிப்பட்ட நான், பன்னிரண்டு பேருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போன கதையைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

என் ஆராய்ச்சிக்கு இரண்டு வருஷம் போதவில்லை. மூன்றாவது வருஷம் தங்க வேண்டுமானால் ஒரு படிவத்தில் என் புரொபசர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயர் வில்காக்ஸ். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஊரே சொல்கிறது. படிவத்தை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, "ஈஸ்டர் விடுமுறை முடியட்டும், பேசலாம்" என்றார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஜூன் மாதம் நான் கப்பல் ஏற வேண்டியதுதான். அரைகுறைப் படிப்போடு வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். பஞ்சாயத்து ஆபீஸில் என் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதை அவர்கள் கழற்ற வேண்டாம், நானே ஏணி கொண்டுபோய்க் கழற்ற வேண்டியிருக்கும். மாமா எங்கே போனாலும் "நம்ம ரகுபதி சீமையில கீறான்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார் என்று கேள்வி. அவர் அப்புறம் எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவார்?

இந்த நிலைமையில் வில்காக்ஸின் மனைவியிடமிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டு மாணவர்களையெல்லாம் புரொபசரும் அவளும் மூன்று நாள் லண்டன் சுற்றிக்காட்ட பஸ்ஸில் அழைத்துப் போகிறார்களாம்; யாராவது ஒருவர் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குத் தங்கள் நாட்டுப் பதார்த்தம் ஒன்றைச் செய்து எடுத்து வந்தால் நன்றாக இருக்குமாம். மறுநாள் புரொபசர் எல்லோரையும் கூட்டி, யார் செய்கிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் புத்திசாலிகள், வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து நின்று, காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே புளிச்சோற்றுக்குப் பெயர் போன குடும்பம் எங்கள் குடும்பம் என்று அறிவித்தேன். காஞ்சிபுரம் ஒரு ஜில்லாவே இல்லை, நாமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா என்பது அங்கே யாருக்குத் தெரியும்? நம் குடும்பத்தில் அந்தப் பெயர் உன் ஒருத்திக்குத்தான் உண்டு என்பதும் தெரியாது.

இரண்டு நாள் பாடுபட்டேன். முதல் பானை சாக்கடைக்குப் போயிற்று. இரண்டாவது பானைக்கு நீண்ட அரிசி தேடி மூன்று கடைத்தெரு அலைந்தேன். நீ அனுப்பிய புளி, நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நீ எப்படி நின்றாய், எந்தக் கையால் கிளறினாய் என்று யோசித்து யோசித்து அப்படியே நின்று கிளறினேன். புளி சுண்டி எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் ஒரு வாசனை வந்தது பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, ஹாரிஸ் அம்மாளே வந்து பார்த்துவிட்டு வெங்காயம் உரித்தாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பஸ் காலையிலேயே புறப்படுகிறது. சோற்றை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடப் போனேன். அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன் அக்கா.

நான் பம்பாய்க்கு ரயிலேறப் புறப்பட்ட அன்று, படப்பை பஸ் நிறுத்தத்தில் நீ என்னிடம் முறுக்கு டின்னைக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? திறந்து பார்த்தால் முறுக்குக்கு நடுவில் ஒரு லாட ஆணி. மண்ணாங்கட்டியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாய். நான் அத்தனை பேர் நடுவில் உன்னைக் கேலி செய்தேன். அதற்கு நீ சொன்னதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இன்னாடா பெரிய படிப்பு படிச்ச நீ? செம்பரம்பாக்கத்துல சின்னப்பொண்ணு அத்தை வூட்டுக்கு ஏரிக்கரை மேல வண்டில போறதுக்கே கரித்துண்டோ இரும்போ போடாம சோத்து மூட்டைய தூக்க மாட்டோம். எண்ணெய்ப் பலகாரம் வாசனைக்கு காத்து கருப்பு பின்னாடியே வரும்டா. நீ கடல் தாண்டிப் போற."

"அக்கா, கடல்ல ஏது பேய்?"

"கடல்ல செத்தவன்லாம் வேற எங்கடா போவான்?"

இஞ்சினீயரிங் காலேஜில் தங்கப் பதக்கம் வாங்கிய நான் டின்னை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். முறுக்கு கப்பலிலேயே தீர்ந்துவிட்டது. ஆணி மட்டும் டின்னோடு என் அலமாரியில் கிடந்தது. அன்று காலை பிஸ்கட் டின்னை மூடும்போது என் கை தானாகப் போய் அந்த ஆணியை எடுத்துக் கழுவித் துடைத்து, புளிச்சோற்றுக்கு நடுவில் செருகிவிட்டது. நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. கையெழுத்து விஷயமாயிற்றே, வழியில் எதுவும் தப்பாகப் போய்விடக் கூடாதே என்றுதான்.

லண்டன் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஒரு பெரிய பூங்காவில் புல்தரையில் விரிப்பு போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் டின்னைத் திறந்தேன். ஒரு வாய் சாப்பிட்டதும் வில்காக்ஸின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு ஜப்பான்காரன் எழுந்து எனக்கு வணக்கம் போட்டான். புரொபசர் ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டாவது தடவை நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊரில் வெயில் எப்படி, புளியமரம் எத்தனை அடி உயரம், எங்கள் குடும்பத்துப் பெண்களிடம் புளி எப்படிக் கட்டுப்படும் என்று நான் பேசிக்கொண்டே அள்ளி அள்ளி வைத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

'டக்.'

அக்கா, ஆணி போடுவது எப்படி என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை எடுப்பதை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நீ அதை எடுக்கிற நேரத்தில் நான் இலை போட்டு உட்கார்ந்து 'சீக்கிரம்' என்று கத்திக்கொண்டிருப்பேன். இருபத்தாறு வயது வரை ஒருவன் உட்கார்ந்தே சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

புரொபசர் வாயிலிருந்து முதலில் ஆணி வந்தது. பிறகு அவருடைய முன்பல் வந்தது. கட்டிய பல்தான், இருந்தாலும் பல் பல்தானே? அவர் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஆணியை விரலில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் ரகுபதி, இது என்ன?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இத்தனை கடல் தாண்டி வந்தவன், இரும்பைக் கண்டால் பேய் ஓடும் என்று இரும்புப் புரொபசரிடம் எப்படிச் சொல்வது? என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிற்று: "இரும்புச் சத்து, சார்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புளியில் அமிலம் இருக்கிறது, அமிலம் இரும்பைக் கரைக்கும், கரைந்த இரும்பு ரத்தத்துக்கு நல்லது, இதை எங்கள் பகுதிப் பெண்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், என் அக்காவே அதில் பெரிய நிபுணர் என்று அளந்துகொண்டே போனேன். ஜப்பான்காரன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

லண்டன் எப்படி இருந்தது என்று கேட்பாய். பெரிய கடிகாரத்தைப் பார்த்தேன்; அது அடித்ததெல்லாம் என் காதில் 'டக்' என்றுதான் விழுந்தது. ராணியின் அரண்மனையைப் பார்த்தேன். வாசலில் நிற்கிற சிப்பாய் சிரிக்கவே மாட்டானாம், எல்லோரும் அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்கள், எனக்கு அவன் பக்கத்தில் நின்றுகொள்ளலாம் போல இருந்தது. மியூசியத்தில் எல்லோரும் மம்மியைப் பார்க்க ஓடினார்கள். புரொபசர் மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, உள்ளே இருந்த ரோமாபுரி ஆணிகளையும் கையில் இருந்த ஆணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரகடத்து மண்ணாங்கட்டியின் வேலையை ரோமாபுரி வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். மூன்று நாளும் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். அவர் என்னிடம் பேசியபோதெல்லாம் நானும் என்னை அறியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். மரியாதை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

திரும்பி வந்ததும் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் என் படிவம், கையெழுத்து இல்லாமல். "உன் அக்காவின் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவருக்கு ஒரு கடிதம் எழுது. எத்தனை தலைமுறையாகச் செய்கிறார்கள், என்ன அளவு ஆணி, எவ்வளவு நேரம் சோற்றில் இருக்கும், ஏன் செய்கிறார்கள், எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லி எழுதி அனுப்பட்டும். பதில் வந்ததும் உன் படிவத்தைப் பார்க்கலாம்" என்றார்.

ஆக என் மூன்றாவது வருஷம் இப்போது உன் கையில் இருக்கிறது. தேவநாதன் வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்து, காபி கொடுத்து, நீ சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதச் சொல். இரும்புச் சத்துக்காகத்தான் ஆணி போடுகிறோம், ரத்தம் ஊறும், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். காத்து, கருப்பு, முனி, ஏரிக்கரை, எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது.

உன்னிடம் இதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. உனக்குப் பொய் சொல்ல வராது. நான் ஒன்பதாவது படிக்கும்போது இரண்டு நாள் மட்டம் போட்டதற்கு ஹெட்மாஸ்டர் உன்னை வரச் சொன்னார். வயிற்று வலி என்று சொல் என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே உன்னை அழைத்துப் போனேன். நீயும் தலையாட்டிக்கொண்டே வந்தாய். உள்ளே போனதும், "வயித்து வலியும் இல்ல, ஒரு எழவும் இல்ல சார். காஞ்சிபுரத்துல சினிமா பாக்கப் போய்ட்டான். நல்லா நாலு போடுங்க" என்றாய். அவர் ஆறு போட்டார். அந்தக் கணக்கை எல்லாம் நான் மறந்துவிட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் எனக்காகத் தலையாட்டியபடியே சொல்லிவிடு. ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுகூட இரண்டாவதுதான். நீ வயலில் நின்று என்னைப் படிக்கவைத்தாய். பாதியில் திரும்பி வந்து உன் முகத்தில் விழிக்க என்னால் ஆகாது.

மாமாவுக்கு என் வணக்கம். பம்புசெட்டைப் பிரிக்க வேண்டாம் என்று சொல். நான் வந்து பிரிக்கிறேன். சின்னப்பொண்ணு அத்தைக்கும் மண்ணாங்கட்டிக்கும் என் அன்பு. கேட்பவர்களிடம் எனக்குக் காச நோய் இல்லை என்று சொல்லவும். அங்கிருந்தே என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிடு, எட்டாவிட்டாலும் பரவாயில்லை.

உன் காலைத் தொட்டுக் கும்பிடும்,
தம்பி ரகுபதி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. தேவநாதன் வாத்தியார் வந்திருந்தால் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடு.

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்லி எழுதியதை இன்னொரு தடவை படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேரே வில்காக்ஸிடம் போய், இரும்புச் சத்தும் இல்லை, ஒரு எழவும் இல்லை சார், பேய்க்குப் பயந்துதான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு காலை நேரத்தில் ஆணியிலிருந்து எவ்வளவு இரும்பு இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? தம்பி சொல்லாவிட்டாலும் அக்கா உண்மையைச் சொல்வார் என்றுதான் கடிதம் கேட்டேன்" என்றார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று எழுந்து, ஆணியைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அவர் கை கோட்டுப் பைக்குப் போயிற்று. ஆணி அங்கேதான் இருந்தது, ஆனால் தரவில்லை. காலேஜுக்கு வரும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. முப்பது வருஷமாக அதைக் கடக்கும்போது அவர் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பாராம். இந்த ஆணி பைக்குள் வந்த நாளிலிருந்து நிதானமாக நடக்கிறாராம். இந்த ஊர் ஆணியே வைத்துக்கொள்ளலாமே சார் என்றேன். இந்த ஊர் ஆணி இந்த ஊர்ப் பேய்களுக்குப் பழகியிருக்கும் என்கிறார்.

ஆகவே அடுத்த பார்சலில் மண்ணாங்கட்டியிடம் வாங்கி இரண்டு லாட ஆணி அனுப்பி வை. ஒன்று அவர் மனைவிக்கு. இன்னொன்று எனக்கு. நானும் அந்த வழியாகத்தான் காலேஜுக்குப் போகிறேன். இப்போதெல்லாம் அவர் நிதானமாக நடந்து போகிறார், ஓடுவது நான்தான்.